ஏழு மணிக் குரங்கு

பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் ஏறக்குறைய ஒரு பருவம் முழுவதும் நான் ஆளில்லாத வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் குளித்து, சட்டை மாட்டி, தலை வாரிக்கொண்டு உட்கார்ந்து கைப்பேசியில் ‘இன்றைய சிந்தனை’ எழுதிப் பெற்றோர் குழுவுக்கு அனுப்புவேன். வாட்சப்பில் எழுத எதற்குத் தலை வார வேண்டும் என்று என் மனைவி கேட்டுப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. என் சிந்தனைக்குக் குழுவிலிருந்து பதில் வராது. ஒரு கேள்வி வராது, ஒரு சண்டை வராது, ஆரம்பத்தில் வந்து குவிந்த ரோஜாப்பூப் படங்கள்கூட வராது. இதை நான் ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டேன். வட்டாரக் கல்வி அலுவலர் தொலைபேசியில் விசாரித்தபோது, எங்கள் பெற்றோரைப் போலக் கட்டுப்பாடானவர்கள் இந்த ஒன்றியத்திலேயே கிடையாது என்று சொன்னேன். மற்ற தலைமையாசிரியர்கள் என்னிடம் யோசனை கேட்டார்கள். யோசனையும் சொன்னேன். பெற்றோரை மரியாதையாக நடத்துங்கள், நாளுக்கு ஒரு நல்ல கருத்தைக் கொடுங்கள், நாளடைவில் தானாக அடங்கிவிடுவார்கள் என்றேன்.

அவர்கள் அடங்கியிருக்கவில்லை. வேறு இடத்துக்குக் குடிபோயிருந்தார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எங்களுடையது செஞ்சியில் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளி. இரண்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியர் என்ற பெயரில் நான். உண்மையில் பள்ளியை நடத்திக்கொண்டிருந்த உதவி ஆசிரியை ஒருவர்; எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை மலை தெரியும். திறந்தபடி விட்டால் ராஜகிரிக் குரங்குகள் வந்து சத்துணவு முட்டையை எடுத்துக்கொண்டு போகும். வரலாற்றுச் சிறப்புமிக்க ஊரில் பணிபுரிவதன் தினசரி அனுபவம் இதுதான்.

பள்ளியை மூடச் சொல்லி உத்தரவு வந்த கையோடு வாட்சப் குழு தொடங்கினேன். ‘நம்ம பள்ளிக் குடும்பம்’ என்று பெயர் வைத்ததும் நான்தான். என் பெயருக்குப் பக்கத்தில் ‘அட்மின்’ என்று எழுத்து விழுந்ததைப் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினேன். அடுத்த அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், “இதுக்கு சம்பளம் ஏத்துவாங்களா?” என்று அங்கிருந்தே கேட்டாள்.

குழு சுமாராக ஓடியது. பகலில் கைப்பேசி அப்பாக்களின் சட்டைப் பையில் வெளியே போய்விடும். பிள்ளைகள் கையில் அது கிடைப்பது சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான். நான் பாடப்புத்தகத்தின் பக்கங்களை அனுப்பினேன், யாரும் திறக்கவில்லை. பாடத்தை நானே வாசித்துப் பதிவு செய்து அனுப்பினேன். ஒரு தாய் மட்டும் பதில் போட்டார், சாருக்குச் சளியா என்று கேட்டு.

அந்த நிலையில்தான் ஒரு நாள் மாலை குழுவுக்குள் தவறுதலாக ஒரு குரல் வந்து விழுந்தது.

அந்தக் குரலுக்குரியவர் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா. கணவருக்குக் கடைத்தெருவில் பை, குடை தைக்கும் கடை. ஊர் முழுக்க ‘பாய் கடை’ என்றால் அதுதான். ஜூன் மாதத்தில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பைகளுக்கெல்லாம் ஜிப்பு அங்கேதான் மாறும். அவர்களுடைய மகள் வேறு பள்ளியிலிருந்து ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்தவள். வருகை எடுக்கும்போது வாயைத் திறக்க மாட்டாள். கையை மட்டும் தூக்குவாள். மதியச் சாப்பாட்டின்போது சுவரோரம் தனியாக உட்கார்ந்துகொள்வாள். மற்ற பிள்ளைகள் கொடுமைக்காரர்கள் அல்ல. முன்னாலேயே இடம் பிடித்தவர்கள், அவ்வளவுதான். திண்டிவனம் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்த பிறகு நாம் எப்படி இருப்போமோ, அப்படி இருந்தார்கள். எனக்கு அவளைக் கொஞ்சம் நகர்த்தி நடுவில் உட்கார வைக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. எண்ணம் செயலாவதற்குள் பள்ளியை மூடிவிட்டார்கள்.

வந்து விழுந்தது ஒரு கதை. ஆரணியில் இருக்கும் தங்கை பிள்ளைக்கு அந்த அம்மா சொன்னது, விரல் தவறி எங்களுக்கு வந்துவிட்டது. ராஜகிரி உச்சியில் பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு குரங்கு குடியிருக்கிறது. திடீரென்று ஒரு நாள் கோட்டைக்கு ஆளே வரவில்லை. கடலை இல்லை, பன் இல்லை. என்ன ஆயிற்று என்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் போய் விசாரித்து வரக் கிளம்புகிறது. அவ்வளவுதான் கதை. அந்த அம்மா பதறிப்போய் அதை அழிப்பதற்குள் பாதிப் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். பதில்கள் எழுத்தில் வரவில்லை, குரலாகவே வந்தன. எல்லாம் ஒரே கேள்விதான்: “ஆன்ட்டி, அப்புறம் கொரங்கு இன்னா பண்ணிச்சி?”

மறுநாள் ஏழு மணிக்கு அடுத்த பகுதி வந்தது. இம்முறை குரங்கு பேசியது. “யார்றா அது, என் கோட்டை கேட்டுக்கு பூட்டு போட்டது?” என்று அதட்டியது. மெல்லிய, கொஞ்சம் திமிரான குரல். யாருடைய குரல் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. இரண்டாம் தடவை கேட்டபோதுதான் தெரிந்தது. வகுப்பில் வாயே திறக்காத அந்தப் பெண் பேசுகிறாள்.

அதற்குப் பிறகு ஏழு மணி என்றால் குரங்கு. அப்பாக்கள் வீடு திரும்பி, கைப்பேசி கைக்கு வந்து, சோறு தட்டில் விழும் நேரம் அது. கதைக்குப் பின்னணியில் பாயின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்; குரங்கு ஓடும் இடங்களில் அந்தச் சத்தம் பொருத்தமாகவும் இருக்கும். ஊரடங்கில் வெளியே வந்தவர்களைப் போலீஸ்காரர் தோப்புக்கரணம் போட வைக்கிறார். குரங்கு அதை உடற்பயிற்சி வகுப்பு என்று நினைத்து வரிசையில் தானும் நின்றுகொள்கிறது. இந்தப் பகுதியை என் மனைவி நான்கு தடவை கேட்டாள். என் சிந்தனைகளை அவள் ஒரு தடவைகூடப் படித்ததில்லை. பிள்ளைகள் அந்த அம்மாவுக்கு ‘ஏழு மணி அம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பாராட்டுவதற்காக ஒரு நாள் அவரை அழைத்தேன். குடும்பம், சமூகம், கூட்டு முயற்சி என்று நான் கொஞ்ச நேரம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“பெரிய மனசெல்லாம் ஒண்ணும் இல்ல சார். ஸ்கூலு தொறக்கும்போது எம்பொண்ணு பக்கத்துல யாராச்சும் ஒருத்தர் வந்து ஒக்காரணும். கொரங்கு கூட ஒக்காந்தேன்னு வூட்ல போயி சொல்லிக்கறதுக்காச்சும் ஒக்காருவாங்க இல்ல?”

நிச்சயமாக என்றேன். நிச்சயமாக என்ற சொல் எனக்கு எப்போதும் தங்குதடையில்லாமல் வரும்.

அந்த நாட்களில்தான் தொலைக்காட்சிகளில் நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒரு சமூகத்தின் பெயரையும் சேர்த்து வாசிக்க ஆரம்பித்தார்கள். கிருமிக்கு மதம் கண்டுபிடித்ததில் பலருக்கு ஒரு நிம்மதியே வந்தது என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியாததைக் கண்டு பயப்படுவது சிரமம். எதிர் வீட்டைக் கண்டு பயப்படுவது சுலபம்.

எங்கள் குழுவில் முதல் காணொளியைப் போட்டவர் செஞ்சிக்கும் சிங்கவரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒரு தகப்பன். அவரை நான் கெட்டவர் என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ள வழியில்லை. பள்ளிக்கு பெஞ்சு வந்தபோது வாடகை வாங்காமல் ஏற்றிவந்தவர் அவர்தான். குடிதண்ணீர் மோட்டார் பழுதானபோது கேன் கேனாகக் கொண்டுவந்து இறக்கியவரும் அவர்தான். யாரோ எங்கோ எதன்மீதோ எச்சில் துப்புவது போல ஒரு காணொளி. அடியில், எச்சரிக்கை, அனைவருக்கும் பகிரவும் என்று இருந்தது. அவர் பகிர்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு தாய் கேட்டார்: பாய் கடையில் ஜிப்பு மாற்றக் கொடுத்த பை அங்கேயே கிடக்கிறது, போய் வாங்கலாமா, வாங்கினால் எதைப் போட்டுக் கழுவுவது? அந்தக் கேள்வியில் விஷம் எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். அதுதான் பயங்கரம். அந்தப் பையைத் தைத்தவருடைய மனைவியும் அதே குழுவில் அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

அட்மின் என்ற முறையில் நான் களத்தில் இறங்கினேன். நான்கு திரை நீளத்துக்கு ஒரு கட்டுரை எழுதினேன். நம் கோட்டைக்குள் பெருமாள் கோயிலும் இருக்கிறது, பள்ளிவாசலும் இருக்கிறது. எத்தனை அரசர்கள் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள். எல்லோருக்கும் ஒரே களஞ்சியத்திலிருந்துதான் நெல் அளந்தார்கள் என்கிற ரீதியில் போயிற்று. களஞ்சியம் பற்றிய வரி எனக்கே மிகவும் பிடித்திருந்தது. இத்தனை நூற்றாண்டுகளை எழுதத் தெரிந்த எனக்கு, ‘இது பொய், அழித்துவிடுங்கள்’ என்ற ஒரு வரி எழுத வரவில்லை. கட்டுரைக்குக் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. ஆட்டோக்காரரும் கைகூப்பினார். பிரச்சினை தீர்ந்தது என்று நான் படுத்துத் தூங்கினேன்.

மறுநாளிலிருந்து குழு அமைதியானது. நான் பீற்றிக்கொண்ட அந்த அமைதி.

கதை மட்டும் ஏழு மணிக்குத் தவறாமல் வந்தது. கதைக்குப் பதில் குரல் கொடுத்தவை அந்த அம்மாவின் சமூகத்து நான்கைந்து வீடுகள் மட்டும். மற்ற பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எட்டு வயதுப் பிள்ளைகள் மரியாதையாகக் கேட்பார்கள் என்று நம்பிய ஒரே தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் நானாகத்தான் இருப்பேன்.

சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு, முட்டையை வீட்டுக்கே கொடுத்துவிடச் சொல்லி உத்தரவு வந்தபோது எனக்கு உண்மை தெரிந்தது. பள்ளி மைதானத்தில் பிளீச்சிங் பவுடரால் வட்டம் வட்டமாகப் போட்டு, வட்டத்துக்கு ஒரு தாயாக நிறுத்தியிருந்தோம். கூட வந்த பிள்ளைகள் வட்டத்துக்குள் நிற்கவில்லை. யானைக் குளத்தில் குரங்கு விழுந்ததை ஒருவருக்கொருவர் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, நம் குழுவில் நீங்கள் யாரும் ஒன்றும் சொல்வதே இல்லையே, நானும் கேட்கிறீர்களோ இல்லையோ என்று நினைத்தேன் என்றேன்.

“அந்த குரூப்புல இல்ல சார். புது குரூப்புல வரும்” என்றாள்.

அவளுடைய அம்மா அவள் வாயைப் பொத்தினார். முகக்கவசத்துக்கு மேலாகப் பொத்தினார். வட்டங்களில் நின்ற தாய்மார்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் அரிசிப் பையின் தையலை ஆராய ஆரம்பித்தார்கள்.

மூட்டை இறக்க வந்திருந்த ஆட்டோக்காரர்தான் விளக்கினார். ஒளிக்கவில்லை.

“தப்பா நெனைக்காதீங்க சார். ஆளுங்க பயப்பட்றாங்க. அதான் தனியா ஒண்ணு போட்டுகினோம். உங்கள சேத்தா அவங்களையும் சேத்துக்கன்னுவீங்க. உங்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம்.”

டீச்சர் அதில் இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார். பழைய குழுவிலிருந்து யாரும் விலகவில்லை. விலகினால் எனக்குத் தெரிந்துவிடும் என்று சத்தத்தை மட்டும் அணைத்து வைத்திருக்கிறார்கள். என்மீது அவ்வளவு மரியாதை.

“அப்ப கதை எப்படி அங்க வருது?”

“நான்தான் சார் எடுத்துப் போட்றேன். போடலன்னா எம்பொண்ணு சோறு துன்ன மாட்டேங்குது.”

அவர் அதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னார். காணொளியைப் போட்ட அதே விரல்தான் கதையையும் போட்டிருக்கிறது. ஆள் வேண்டாம், ஆளின் கதை வேண்டும்.

அன்று அந்த அம்மா வரிசையில் இல்லை. அவரையும் அவரைப் போன்ற மற்ற வீட்டுக்காரர்களையும் கூட்டம் சேராமல் இருக்கப் பிற்பகலில் வரச் சொல்லியிருப்பதாக டீச்சர் சொன்னார். அந்த ஏற்பாட்டுக்கு நான்தான் தலையாட்டியிருக்கிறேன். சமூக இடைவெளி என்று அவர் சொன்னபோது நான் அந்த இரண்டு சொற்களையும் சேர்த்து யோசித்துப் பார்க்கவில்லை.

பிற்பகலில் அவர் வந்தார். பருப்பை அளந்து போட்டுக்கொண்டே எப்படி ஆரம்பிப்பது என்று நான் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். அவரே ஆரம்பித்துவிட்டார்.

“தெரியும் சார். எதிர் வூட்லயே கேக்குதே. எங்க வூட்ல ஏழு மணின்னா அங்க ஏழரைக்கு ஓடுது.”

பிறகும் ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

“எங்கள வேணான்னாலும் கொரலு போவுதில்ல சார். எம்பொண்ணு கொரலு எல்லா வூட்லயும் கேக்குது. நாளைக்கு ஸ்கூலு தொறந்தா வாயத் தொறந்தா போதும், கண்டுபுடிச்சிடுவாங்க. நீங்க இதப் பத்தி யாராண்டையும் பேச வேணாம்.”

பேச வேண்டாம் என்று அவ்வளவு தெளிவாக என்னிடம் சொன்னவர் வேறு யாரும் இல்லை. நான் பேசினேன். நல்லவன் ஒருவனுக்கு ஆத்திரம் வந்தால் அதை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். டீச்சரைக் கூப்பிட்டு, ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு அவர் குரலை மட்டும் எடுத்துப் போடுவது திருட்டு என்று கோபமாகச் சொன்னேன். டீச்சர் முகம் வாடிப் போய்விட்டது. சரிசெய்து விடுகிறேன் சார் என்றார்.

சரிசெய்துவிட்டார். பள்ளியை நடத்துவதே அவர்தான் என்று சொன்னேன் அல்லவா? புதுக் குழுவில் ஏற்கெனவே ஒரு முணுமுணுப்பு இருந்திருக்கிறது. கதையின் தொடக்கத்தில் அந்த அம்மா சொல்லும் ஸலாம் சில பேருக்குப் பிடிக்கவில்லை. இப்போது நானும் திருட்டு என்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தீர்வாக, டீச்சர் அன்றைய கதையைக் கேட்டுவிட்டுத் தம் சொந்தக் குரலில் அழகாகத் திருப்பிச் சொன்னார். தொடக்கத்தில் வணக்கம் வைத்தார். குரங்காக ஆட்டோக்காரரின் மகளைப் பேச வைத்தார்.

நான் கேட்டபோது, “நீங்கதான சார் திருட்டுன்னீங்க? இப்ப யாரு கொரலையும் நாங்க எடுக்கல” என்றார். அவர் கண்ணில் கிண்டல் இல்லை. நிஜமாகவே ஒரு சிக்கலை அவிழ்த்துவிட்ட திருப்தி இருந்தது.

அன்றைய கதையில் குரங்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தது. ராஜகிரியில் உச்சிக்குப் போகுமுன் ஆழமான பிளவு ஒன்று வரும். அதைக் கடக்க ஒரு சின்னப் பாலம் உண்டு. ஏறியவர்களுக்குத் தெரியும், மூச்சு வாங்க நின்று கீழே பார்த்து வருத்தப்படும் இடம் அது. குரங்கு அங்கே வந்து பார்க்கிறது. பாலத்தைக் காணோம். யாரோ எடுத்துவிட்டார்கள். குரங்கு நிற்கிறது. அந்த இடத்தில் அந்த அம்மா, மீதி நாளைக்கு என்று நிறுத்தியிருந்தார்.

ஏழரை மணிக்கு எதிர் வீட்டு ஜன்னலில் டீச்சரின் கதை ஓடியது. அந்த அம்மாவின் மகள் தன் வீட்டு ஜன்னலில் வழக்கம்போல நின்று கேட்டிருக்கிறாள். தன் குரங்கு வேறு வாயால் பேசியதைக் கேட்டாள். அது நான் இல்லியே என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட்டு, மெஷினுக்கு அடியில் துணிக்கழிவு போடும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். மறுநாள் ஏழு மணிக்கு எதுவும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

பிள்ளைகள் விடுவார்களா? பாலத்துக்கு முன்னால் குரங்கு நிற்கிறது. டீச்சருக்கு வேறு வழி தெரியவில்லை. தாமே ஒரு முடிவு கட்டினார். குரங்கு முகக்கவசம் அணிந்து, சோப்பால் கை கழுவி, மற்ற குரங்குகளிடமிருந்து தள்ளி நின்று, அரசாங்கம் பாலம் கட்டித் தரும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. இப்படியொரு குரங்கை ராஜகிரி அதுவரை கண்டதில்லை. பொதுமுடக்கக் காலத்தில் சிறந்த கற்பித்தல் முயற்சி என்று அதற்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. பரிந்துரைக் கடிதம் தலைமையாசிரியர் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், அதை எழுதியதும் நான்தான். நல்ல தமிழில் எழுதினேன்.

ஒருவழியாகப் பள்ளி திறந்தது. பலூன் கட்டினோம், வாசலில் வெப்பமானியோடு நின்றோம், மிட்டாய் கொடுத்தோம். மூன்றாம் வகுப்பில் விட்டுப் போனவர்கள் ஐந்தாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு வகுப்பைக் கைப்பேசி தின்றுவிட்டது. பிள்ளைகள் நேராக ஆட்டோக்காரரின் மகளிடம் ஓடினார்கள். குரங்கு மாதிரி பேசு, குரங்கு மாதிரி பேசு என்று மொய்த்துக்கொண்டார்கள். அவளும் பேசினாள். “யார்றா அது, என் கோட்டை கேட்டுக்கு பூட்டு போட்டது?” என்றாள். நன்றாகத்தான் பேசினாள், குறை சொல்ல முடியாது. அசல் குரங்கு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. வருகை எடுத்தபோது அந்தப் பாய் கடைப் பெண் பழையபடி கையை மட்டும் தூக்கினாள்.

ஒரு பெஞ்சுக்கு ஒருவர்தான் உட்கார வேண்டும் என்பது அன்றைய அரசாணை. யாருக்குப் பக்கத்திலும் யாரும் உட்காரக் கூடாது. படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலை என்னவென்று சொல்வேன்? நான் நிச்சயமாக என்று சொன்ன வாக்கை அரசாங்கமே முன்வந்து தடைசெய்துவிட்டது. அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். எல்லோரும்தான் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பள்ளியில் இப்படியொரு சமத்துவம் அதற்கு முன் இருந்ததில்லை.

கெடுபிடி தளர்ந்து பெஞ்சுகள் நிரம்பியபோதுதான் யாருக்குப் பக்கத்தில் யார் என்ற கணக்கு வெளியே தெரிந்தது. கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மா மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். ஐந்தாம் வகுப்பு முடிய இன்னும் சில மாதங்கள்தான், முடித்துக்கொண்டு போகலாமே, எப்படியும் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை.

“அவ பக்கத்துல அவ பைதான் சார் ஒக்காந்துகினு இருக்குது” என்றார்.

நான் எழுதிக் கொடுத்தேன். விலகக் காரணம் என்ற இடத்தில், பெற்றோர் விருப்பம் என்று எழுதுவது வழக்கம். அப்படியே எழுதினேன்.

அதற்குப் பிறகு அந்தக் குரங்கு என்னை விடவில்லை. படித்தவன் கையில் ஒரு பாலமும் ஒரு குரங்கும் கிடைத்தால் சும்மா இருப்பானா? மூன்று வருடம் கழித்து ஆசிரியர் கூட்டம் ஒன்றில் என்னைப் பேசச் சொன்னார்கள். அந்தக் குரங்கு இன்னும் அந்தப் பிளவுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறது, காணாமல் போன பாலம் வேறெதுவும் அல்ல, நாம்தான் என்று முடித்தேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். டீச்சரும் வந்திருந்தார். அருமை சார் என்றார். யாரைப் பற்றிய கதை என்று அவர் கேட்கவில்லை.

அந்தப் பெருமிதம் அடங்குமுன் என் தோள்பையின் ஜிப்பு பிய்ந்தது. ஊரில் அதற்கு ஒரே கடைதான். பாய் வெளியே போயிருந்தார். அந்த அம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பெண் எட்டாவது படிக்கிறாளாம். எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டேன். படிப்பெல்லாம் பரவாயில்லை, வாய்தான் மூடுவதில்லை என்று டீச்சர்கள் புகார் சொல்கிறார்களாம். பக்கத்தில் யாரை உட்கார வைத்தாலும் பேசிக் கெடுத்துவிடுகிறாள் என்று இடத்தை மாற்றி மாற்றி உட்கார வைக்கிறார்களாம்.

“அங்க எல்லாம் நம்ம ஆளுங்க சார்” என்றார்.

நம்ம என்ற சொல்லை நான் ஒரு காலத்தில் ஒரு குழுவுக்குப் பெயராக வைத்திருந்தேன். இவர் சொன்ன ‘நம்ம’வில் நான் இல்லை. அவர் அதை நினைத்துச் சொல்லவில்லை. வெறும் தகவலாகத்தான் சொன்னார். அதனால் நான் சிரித்துவைக்கவும் முடியவில்லை.

பழைய ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம் கடைசியில் கேட்டுவிட்டேன். அந்தக் குரங்கை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன், இன்னும் அந்த இடத்திலேயே நிற்பது போல இருக்கிறது, மறுநாள் பாலத்தை எப்படித் தாண்ட வைப்பதாக இருந்தீர்கள் என்றேன். குரல் கொஞ்சம் கரகரத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கூட்டத்தில் அந்த இடத்தில் அது நன்றாக எடுபட்டிருந்தது.

அவர் எந்தக் குரங்கு என்பது போல ஒரு கணம் பார்த்தார். ஞாபகம் வந்தது. நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.

“அது கொரங்கு சார். அதுக்கு எதுக்கு பாலம்? தாவிப் போயிருக்கும்.”